ஐந்து வேளையும் கழுவிய கால்

உம்றாவுக்குப் போய்விட்டு உம்மும்மா திரும்பி வந்த அன்று எங்கள் வீடு நிறைந்திருந்தது. வந்தவர்கள் ஸம்ஸம் தண்ணீர் குடித்தார்கள், பேரீச்சம்பழம் தின்றார்கள், உம்மும்மாவின் கையைப் பிடித்து ஸலாம் சொல்லி, தங்களுக்காகத் துஆச் செய்யும்படி கேட்டுவிட்டுப் போனார்கள். அவரின் காலை யாரும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் அவரது உடுப்புகளைக் கழுவ எடுத்தபோது, காலுறை ஒன்றின் நுனியில் மஞ்சளும் சிவப்புமாகக் காய்ந்துபோன கறையொன்றை நான் கண்டேன்.

"உம்மும்மா, கால்ல என்ன காயம்?"

"காயமா? ஒண்டுமில்லயே மகள். எனக்கு ஒரு நோவும் இல்ல."

காலைத் தூக்கிப் பார்த்தோம். வலது காற் பெருவிரலின் அடியில் ஐந்து ரூபாய்க் குற்றியளவுக்குத் தோல் உரிந்திருந்தது. நடுவில் ஈரமாக ஒரு குழி.

விசாரித்தபோதுதான் கதை வந்தது. மக்காவில் ஒரு நாள் லுஹர் தொழுதுவிட்டு வெளியே வந்தால், வாசலில் கழற்றி வைத்த செருப்பைக் காணவில்லையாம். ஹரம் ஷரீபுக்குப் போய்வந்தவர்களுக்கு இது புதினமான சங்கதி அல்ல. தங்கியிருந்த இடம் கிட்டத்தில்தானே என்று வெறுங்காலோடு தார் வீதியால் நடந்திருக்கிறார். ஓகஸ்ட் மாதத்து நடுப்பகல் வெயில். கூட வந்த மாமி, தன் செருப்புக்குள்ளாலேயே சூடு ஏறுகிறதென்று நிழல் தேடி ஓடினாராம். "எனக்கு அல்லாஹ் லேசாக்கித் தந்துட்டான் புள்ள. சுடவே இல்ல" என்று உம்மும்மா மகிழ்ச்சியோடு சொன்னார்.

மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசினோம். நோவில்லைதானே, தானாக ஆறிவிடும் என்று உம்மா சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒன்பதாம் நாள் பாதம் வீங்கிச் சிவந்து, காய்ச்சலும் நடுக்கமும் வந்தபின் வைத்தியசாலைக்குக் கொண்டு போனோம். பதினேழு நாட்கள் விடுதியில் இருந்தார். பெருவிரலை எடுத்துத்தான் பாதத்தைக் காப்பாற்ற முடிந்தது.

"ஏன் இவ்வளவு நாள் பிந்தினீங்க?" என்று டொக்டர் உம்மாவிடம் கேட்டார்.

"நோவில்லையெண்டு சொன்னா, டொக்டர்."

"பதினாறு வருஷமாச் சீனி உள்ள ஆளுக்குக் காயம் நோகாட்டி, அண்டைக்கே கூட்டி வந்திருக்கணும்."

உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறவள் நான். நரம்புத் தொகுதியைப் படம் வரைந்து பாகம் குறித்து முழுப் புள்ளியும் வாங்கியவள். அந்த ஒன்பது நாளும் அந்தப் பாடம் எனக்கு நினைவுக்கு வரவில்லை. இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம். மற்றக் காரணம், விடுதியில் உம்மும்மாவுக்கு மருந்து கட்டிய தாதி சொன்ன ஒரு வார்த்தை. "உங்கட ஆக்கள் ஒரு நாளைக்கு அஞ்சு தரம் கால் கழுவுறீங்க. ஒரு தரமாவது பார்க்கிறீங்களா?" என்று அவர் கேட்டார். அவர் சகோதர இனத்தவர். குறை சொல்லவில்லை, உண்மையிலேயே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டார். எங்களிடம் பதில் இருக்கவில்லை. வுழூவில் கடைசியாகக் கழுவுவது கால். இகாமத் சொல்லப்போகிறார்களே என்ற அவசரத்தில் தண்ணீரை ஊற்றிவிட்டு, ஈரத்தோடு செருப்பிலோ காலுறையிலோ நுழைத்துக்கொண்டு ஓடிவிடுகிறோம். கழுவுகிறோம், பார்ப்பதுமில்லை, துடைப்பதுமில்லை.

அந்த விடுதியில் கேட்டதையும், பிறகு தேடிப் படித்ததையும், எங்கள் வகுப்பறையில் கண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

துடைக்காததில் இருந்தே தொடங்கலாம். ஏனென்றால் எங்கள் வயதில் வருகிற தொல்லைகளில் பாதி ஈரத்தால் வருவது. நான்காம் விரலுக்கும் சின்ன விரலுக்கும் இடையில் தோல் வெள்ளையாக ஊறி, உரிந்து, கடித்து, சில வேளை வெடித்து எரிகிறதா? அதைத்தான் சேற்றுப்புண் என்கிறோம். பெயரைப் பார்த்துச் சேற்றால் வருவதென்று நினைக்க வேண்டாம். சேற்றில் காலே வைக்காத பிள்ளைக்கும் வரும். பெரும்பாலும் அது ஒரு பங்கசுத் தொற்று. பங்கசுக்கு வேண்டியவை ஈரம், சூடு, இருட்டு. மூடிய சப்பாத்துக்குள் மூன்றும் கிடைக்கின்றன. அந்தக் கடைசி இரண்டு விரல்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பதால் காற்றுப் போவதற்கு வழியில்லை. முதலில் அங்கேதான் தொடங்கும்.

எங்கள் பாடசாலைச் சப்பாத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்தான் எங்களில் பலருக்குச் சப்பாத்துக் கழுவும் ஞாபகம் வரும். மாரி காலத்தில் அது காய்ந்தா விடும்? திங்கட்கிழமை காலையில் வெளிப்புறத்துக்கு வெள்ளை பூசிவிட்டால் மாணவத் தலைவியின் கண்ணுக்குக் குறை தெரியாது. உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். அந்த ஈரத்துக்குள் ஆறேழு மணித்தியாலம் கால் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டு வந்தவுடன் கழுவினால் இரண்டு நாள் கிடைக்கும். அப்படியும் காயாவிட்டால் பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி உள்ளே திணித்து வையுங்கள், ஈரத்தை உறிஞ்சும். இரண்டு சோடி வாங்க வசதியுள்ளவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றிப் போட்டால் ஒவ்வொரு சோடியும் முழுதாகக் காய நேரம் இருக்கும். காலுறையை நாளாந்தம் மாற்ற வேண்டும். நைலோன் காலுறையைவிடப் பருத்திக் காலுறை வியர்வையை உறிஞ்சும். ஆனால் நனைந்த பருத்தி சீக்கிரம் காயாது என்பதால், அதிகம் வியர்ப்பவர்கள் இன்னுமொரு சோடியைப் புத்தகப் பையில் வைத்திருப்பது நல்லது.

வந்துவிட்ட சேற்றுப்புண்ணுக்குக் குளோற்றிமசோல், மைக்கனசோல், டேபினபின் போன்ற பங்கசு கொல்லும் கிறீம்கள் பாமசியில் கிடைக்கின்றன. காலைக் கழுவி, நன்றாகத் துடைத்து, புண்ணிலும் அதைச் சுற்றியுள்ள நல்ல தோலிலும் கொஞ்சம் பூச வேண்டும். இதில் எல்லோரும் விடும் பிழை ஒன்றுண்டு. நாலைந்து நாளில் கடி நின்றதும் மருந்தையும் நிறுத்திவிடுகிறோம். கடி நின்றாலும் பங்கசு தோலில் இன்னும் இருக்கும். குளோற்றிமசோல் போன்றவற்றைத் தோல் ஆறிய பின்னரும் இரண்டு கிழமை வரை பூச வேண்டும். டேபினபினுக்கு நாள் குறைவு. எதுவானாலும் மருந்தோடு வரும் தாளில் சொல்லியிருக்கும் நாள் வரைக்கும் பூசி முடிக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய பிழை, வீட்டில் யாருக்கோ எப்போதோ "தோல் வருத்தத்துக்கு" என்று தந்த கிறீமை எடுத்துப் பூசுவது. அதில் ஸ்டீரொயிட் இருந்தால் கடியும் சிவப்பும் உடனே அடங்கும். புண் மாறுவதாகத் தோன்றும். உள்ளே பங்கசு தடையில்லாமல் பரவிக்கொண்டிருக்கும். கொஞ்ச நாளில் மேற்பாதம் வரை படர்ந்து, எந்த வருத்தமென்று வைத்தியரே யோசிக்கும் தோற்றத்துக்கு மாறிவிடும். நகம் தடித்து மஞ்சளாகி உதிரத் தொடங்கினால் அங்கும் பங்கசு இருக்கக்கூடும். அதைக் கிறீமால் மட்டும் மாற்றுவது கடினம். மாதக்கணக்கில் மாத்திரை எடுக்க நேரலாம். எனவே அதற்கு வைத்தியரிடமே போக வேண்டும்.

பங்கசு ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும். வுழூச் செய்யும் இடத்தில் எல்லோரும் கால் துடைப்பதற்கென்று ஒரு துவாய் தொங்குமே, வாரக்கணக்கில் ஈரமாக? அதுதான் அதற்கு நல்ல வாகனம். குளியலறைச் செருப்பும் அப்படியே. விடுதியில் தங்கியிருக்கும் தங்கைமார் தங்களுக்கென்று ஒரு சிறு துணியும் ஒரு சோடி செருப்பும் வைத்துக்கொள்ளுங்கள். இரவல் கேட்டால் வெட்கப்படாமல் இல்லையென்று சொல்லுங்கள். வுழூவில் கால்விரல் இடுக்குகளைக் கையின் சின்ன விரலால் கோதிக் கழுவுவது ஸுன்னத் என்று மத்ரஸாவில் எல்லோரும் படித்திருக்கிறோம். அதே இடுக்குகளை அதே ஒழுங்கில் ஒரு துணியால் ஒற்றியெடுக்க இருபது வினாடி போதும்.

கால் நாற்றம் பற்றி யாரும் வாய்திறந்து பேசுவதில்லை. அந்த வெட்கத்தால் தொழுகை அறைக்கு வராமல் நின்ற பிள்ளையை எனக்குத் தெரியும். வியர்வைக்குத் தன்னளவில் பெரிய மணமில்லை. உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக உள்ளன. அந்த வியர்வையையும் ஊறிய தோலையும் பற்றீரியா சிதைக்கும்போதுதான் நாற்றம் பிறக்கிறது. ஆகவே அது அசுத்தமான குடும்பத்தின் அடையாளமல்ல, காயாத சப்பாத்தின் அடையாளம். சவர்க்காரமிட்டுக் கழுவுதல், துடைத்தல், காலுறை மாற்றுதல் என்பவற்றைச் செய்து இரண்டு மூன்று கிழமையாகியும் போகவில்லையென்றால் வைத்தியரிடம் காட்டலாம், மருந்திருக்கிறது.

அடுத்தது நகம். நாற்பது நாளுக்கு மேல் நகத்தை வளரவிடக் கூடாதென்று மார்க்கம் எல்லை வைத்திருக்கிறது. எங்களில் பலர் வெள்ளிக்கிழமை வெட்டுகிறோம். ஆனால் கைவிரல் நகத்தை வெட்டுவதுபோலவே கால்விரல் நகத்தையும் வளைத்து, ஓரத்தை ஆழமாக வெட்டிவிடுகிறோம். வெட்டிய ஓரம் மீண்டும் வளரும்போது சதைக்குள் குத்திக்கொண்டு போகும். இறுக்கமான சப்பாத்து அதை இன்னும் உள்ளே தள்ளும். பெருவிரல் வீங்கி, சிவந்து, போர்வை பட்டாலும் நோகும். கால்நகத்தை நேராகத்தான் வெட்ட வேண்டும், விரல் நுனியின் மட்டத்துக்கு. கூரான மூலையை அராவினால் மெதுவாகத் தேய்த்துவிட்டால் போதும். நகம் குத்தத் தொடங்கிய ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தரம் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கால் மணித்தியாலம் காலை ஊறவைத்து, துடைத்து, முன்பக்கம் திறந்த செருப்போடு சில நாள் நடந்தால் அடங்கிவிடும். சீழ் கண்டால் வைத்தியர். ஊசியாலும் சட்டைப்பின்னாலும் தோண்டுகிற வேலை வேண்டவே வேண்டாம். எங்கள் வகுப்பில் ஒருத்தி திசைகாட்டிப் பெட்டிக் கவராயத்தால் தோண்டினாள்; பிறகு ஒரு கிழமை அன்ரிபயோட்டிக் குடித்தாள்.

சப்பாத்து விடயத்தில் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். தை மாதத்தில் பாடசாலைச் சாமான் வாங்கும் செலவு எங்களுக்கும் தெரியும். அதனால்தான் "அடுத்த வருஷமும் போடலாம்" என்று பெரிதாக வாங்குகிறீர்கள், அல்லது ராத்தாவின் சப்பாத்தைத் தங்கச்சிக்குக் கொடுக்கிறீர்கள். பெரிய சப்பாத்துக்குள் கால் முன்னும் பின்னும் ஓடிக் கொப்புளம் போடும். சின்னது விரலை மடக்கும். ஒரு பாதத்தில் 26 என்புகள் இருக்கின்றன. இரண்டிலும் சேர்த்தால் உடம்பிலுள்ள 206 என்புகளில் நான்கிலொன்று. வளரும் வயதில் அவை இன்னும் முழுதாக இறுகவில்லை. வாங்குவதாயின் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பின்னேரத்தில் போங்கள். நாள் முழுக்க நின்று நடந்த பாதம் அப்போது சற்று வீங்கி, தன் முழு அளவில் இருக்கும். இரண்டு காலும் ஒரே அளவாக இருக்காது, பெரிய காலுக்கு அளவெடுங்கள். காலுறையோடு எழுந்து நிற்கச் சொல்லி, நீண்ட விரலுக்கு முன்னால் கைப் பெருவிரல் அகலத்துக்கு இடமிருக்கிறதா என்று அமுக்கிப் பாருங்கள். கடைக்காரர் "போடப் போட இளகும்" என்றால் நம்ப வேண்டாம். இளகுவது பிள்ளையின் தோல்தான்.

இறுக்கமான சப்பாத்து தரும் பரிசுதான் கால் ஆணி. ஓரிடத்தில் ஓயாமல் அழுத்தமும் உரசலும் பட்டால், தோல் தன்னைக் காத்துக்கொள்ளத் தடிக்கிறது. தடிப்பின் நடுப்பகுதி கூம்புபோல உள்ளே அமுங்கி, கல் மிதித்ததுபோல நோகும். ஆணிக்கு வேர் உண்டென்றும் அதைப் பிடுங்கினால் போய்விடுமென்றும் ஊரில் சொல்வார்கள். அதற்கு வேரில்லை. அழுத்தம் இருக்கும்வரை, எத்தனை தரம் வெட்டினாலும் திரும்ப வரும். சப்பாத்தை மாற்றினால் பல வேளை தானாகவே கரையும். ஆணியென்று நாங்கள் நினைப்பது சில வேளை பாலுண்ணியாகவும் இருக்கும். அது வைரசால் வருவது. நேரே அமுக்கினால் நோவது ஆணி. இரு பக்கத்தாலும் பிடித்து நசித்தால் நோவது பாலுண்ணி. பாலுண்ணியில் கரும்புள்ளிகளும் தெரியும், அவை உறைந்துபோன நுண்ணிய இரத்தக் குழாய்கள். ஆணிக்கென்று விற்கும் பிளாஸ்டரில் தோலை அரிக்கும் அமிலம் இருக்கிறது. நல்ல தோலில் பட்டால் அங்கும் புண்ணாகும். நீரிழிவு உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது.

உம்மாமாரின் கால் வேறு. எங்கள் உம்மா ஸுபஹுக்குக் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியிலேயே குதிக்காலைப் பிடித்துக்கொண்டு "யா அல்லாஹ்" என்பார். நாலு அடி நடந்தால் குறைந்துவிடும். குதிக்காலிலிருந்து விரல்களின் அடிவரை உள்ளங்காலில் ஓடும் தடித்த நார்ப்பட்டையில் ஏற்படும் உபாதை இது. வெறுங்காலோடு சீமெந்துத் தரையில் நீண்ட நேரம் நின்று சமைப்பவர்களுக்கும், உடம்பு பாரித்தவர்களுக்கும் அதிகம். இறங்குமுன் கட்டிலில் இருந்தபடியே ஒரு துவாயைப் பாதத்தின் முன்பக்கம் மாட்டி, இரு கையாலும் தன் பக்கம் இழுத்து அரை நிமிடம் பிடிக்க வேண்டும். சில தடவை இப்படி. உறையவைத்த தண்ணீர்ப் போத்தலை ஒரு துணியில் சுற்றி, உள்ளங்காலுக்குக் கீழே உருட்டுவதும் நோவைக் குறைக்கும். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்புப் போட வேண்டும். மாதக்கணக்கு ஆகும், ஆனால் பெரும்பாலானோருக்குச் சத்திரசிகிச்சையில்லாமலே மாறிவிடும். உம்மா இப்போது குசினிக்கென்று ஒரு செருப்பு வைத்திருக்கிறார். முதலில் "வீட்டுக்குள்ள செருப்பா?" என்று முகம் சுளித்தவர்தான்.

குதிக்கால் வெடிப்புக்குக் காரணம் பித்தமென்று பெயரே சொல்கிறது; பித்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உடம்பின் பெரும்பாலான தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் உண்டு. உள்ளங்காலில் அவை இல்லை. அதனால் அது எளிதில் வரண்டு தடிக்கும். பின்பக்கம் திறந்த செருப்போடு நடக்கையில் உடம்புப் பாரத்தில் விரிந்து பிளக்கும். இரவில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, உரசும் கல்லால் மென்மையாகத் தேய்த்து, ஈரத்தை ஒற்றியெடுத்தவுடன் வாஸ்லினோ யூரியா கலந்த கிறீமோ பூசி, காலுறை போட்டுப் படுக்க வேண்டும். தேங்காயெண்ணெயும் நல்லதுதான். பிளேட்டால் சீவக் கூடாது. வெடிப்பைச் சாதாரணமென்று விட்டுவிட்டு வயலில் இறங்குகிற வாப்பாமாருக்கு இன்னொரு ஆபத்துமிருக்கிறது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே நுழைய, காலிலுள்ள ஒரு சின்ன வெடிப்பே போதும். பெரும்போக வேலை தொடங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தித்துத் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். ஆணியோ முள்ளோ ஆழமாகக் குத்தினால், இரத்தம் வரவில்லையென்றாலும் ஏற்புத் தடுப்பூசி பற்றி விசாரிக்க வேண்டும்.

இனி உம்மும்மாவின் காலுக்கு வருகிறேன்.

குருதியில் சீனி நெடுங்காலம் கூடியிருந்தால் நரம்புகள் சேதமடைகின்றன. உடம்பில் மிக நீளமான நரம்புகள் கால்விரல்வரை ஓடுபவை. அவையே முதலில் பழுதாகும். அதனால் உணர்ச்சி விரல் நுனியிலிருந்து மேல்நோக்கிக் குறைந்துகொண்டு வரும், காலுறை போட்டதுபோல. சிலருக்கு எரிவு, ஊசி குத்துவதுபோன்ற நோவு, விறைப்பு என்று முன்னறிவிப்புக் கிடைக்கும். பலருக்கு ஒன்றும் கிடைக்காது. அதே நரம்புச் சேதத்தால் வியர்ப்பதும் குறைந்து தோல் வரண்டு வெடிக்கும். இன்னொரு பக்கம், காலுக்கு வரும் இரத்தக் குழாய்கள் ஒடுங்குவதால் காயத்தை ஆற்றத் தேவையான இரத்தம் போதியளவு வராது. சீனி கூடிய உடம்பு கிருமியை எதிர்ப்பதும் குறைவு. ஆக, காயம் பட்டது தெரியாது, பட்டது ஆறாது, ஆறாததில் கிருமி பெருகும். நீரிழிவால் கால் இழப்பவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 85 பேருக்கு, அதற்கு முன் பாதத்தில் ஒரு புண் இருந்திருக்கிறது. அந்தப் புண்ணைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் கால்களில் பெரும்பகுதியைக் காப்பாற்றலாம்.

உணர்ச்சி இருக்கிறதா என்று கிளினிக்கில் ஒரு நைலோன் இழையால் தொட்டுப் பார்ப்பார்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் இழை அது. வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்றும் உண்டு. இங்கிலாந்தின் இப்ஸ்விச் வைத்தியசாலையில் உருவானது. கருவி எதுவும் வேண்டாம், உங்கள் சுட்டுவிரல் போதும். உங்கள் உம்மும்மாவையோ அப்பாவையோ கண்ணை மூடிப் படுக்கச் சொல்லுங்கள். நீங்கள் தொடுவதை உணர்ந்தால் "வலது" அல்லது "இடது" என்று சொல்லச் சொல்லுங்கள். பிறகு இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சின்ன விரல் ஆகியவற்றின் நுனியை, மொத்தம் ஆறு இடங்களை, மாறி மாறி ஓரிரு வினாடி மெதுவாகத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ வேண்டாம். "இப்ப விளங்குதா?" என்று கேட்கவும் வேண்டாம், கேட்டால் எங்களைச் சந்தோஷப்படுத்த "ஓம்" என்றுவிடுவார்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் உணர்ச்சி குறைந்திருக்கலாமென்று பொருள். அடுத்த கிளினிக்கில் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். உம்மும்மாவுக்கு நாங்கள் இதைச் செய்து பார்த்தபோது ஒன்பது விரல்தான் மிஞ்சியிருந்தது. தொட்ட ஐந்து இடத்தில் ஒன்றை மட்டும் சொன்னார்.

நீரிழிவு உள்ளவர் ஒவ்வொரு நாளும் காலைப் பார்க்க வேண்டும்: மேலே, கீழே, இடுக்கில், குதியில். குனிய முடியாதவருக்கு நிலத்தில் ஒரு கண்ணாடி வைத்தால் உள்ளங்கால் தெரியும். கண்பார்வை மங்கியவருக்கு வேறொருவர் பார்க்க வேண்டும். அது பேரப்பிள்ளைக்குரிய வேலை. கொப்புளம், சிவப்பு, நிறம் மாறிய இடம், மற்றக் காலைவிடச் சூடான இடம், நீர்க்கசிவு எதைக் கண்டாலும் அன்றே, பிந்தினால் மறுநாளே வைத்தியரிடம் காட்ட வேண்டும். முன்னே மற்றவர்களுக்குச் சொன்ன ஊறவைக்கும் வைத்தியம் இவர்களுக்கு ஆகாது. சுடுதண்ணீரின் சூட்டைக் காலால் பார்க்கக் கூடாது, முழங்கையால் பார்க்க வேண்டும். கிறீம் பூசலாம், விரலிடுக்கில் மட்டும் பூசக் கூடாது. அங்கே ஈரம் தங்கும். செருப்பைப் போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டு மாமா செருப்புக்குள் சிக்கிய சிறு கல்லோடு ஒரு முழு நாள் நடந்திருக்கிறார்.

உம்மும்மாவுக்கு விரல் போனதைவிடப் பெரிய கவலை வுழூதான். கட்டை அவிழ்த்துக் கழுவாமல் தொழுகை கூடுமா என்று அழுதார். ஒருநாள் யாருக்கும் தெரியாமல் நனைத்தும்விட்டார். வாப்பா மௌலவியை அழைத்து வந்தார். காயத்துக்குக் கட்டுப் போட்டிருப்பவர் அதன்மேல் ஈரக்கையால் தடவிக்கொள்ளும் சலுகை மார்க்கத்தில் இருக்கிறதென்றும், எந்த நிலையில் தயம்மும் சேர வேண்டுமென்றும் அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். அந்தச் சலுகையை மறுத்துக் காயத்தைக் கெடுப்பது பேணுதல் ஆகாதென்றும் சொன்னார். டொக்டர் நாலு நாள் சொல்லிக் கேட்காததை உம்மும்மா அவர் சொன்ன அன்றே கேட்டார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், கட்டுப் போட்ட அன்றே நம்பிக்கையான ஆலிமிடம் கேட்டுவிடுங்கள்.

ஹஜ்ஜுக்கோ உம்றாவுக்கோ போக ஆயத்தமாகும் பெரியவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். ஸஃபா மர்வா ஏழு தடவை நடந்தால் ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர். தவாபும் தங்குமிட நடையும் வேறு. இஹ்ராமில் பெண்கள் காலுறையும் மூடிய சப்பாத்தும் அணியத் தடையில்லை. ஆண்களுக்கு வேறு சட்டம். அவர்கள் அதற்கேற்ற மெத்தென்ற செருப்பைத் தேடிக்கொள்ள வேண்டும். பயணத்துக்கென்று புதுச் செருப்பு வாங்குபவர்கள், ஒரு மாதத்துக்கு முன்பே வாங்கி ஊரிலேயே நடந்து பழக வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றி வைக்காமல் ஒரு துணிப்பையில் போட்டுக் கூடவே கொண்டு போங்கள். பையில் இன்னொரு சோடியும் இருக்கட்டும். அன்று உம்மும்மாவிடம் அந்த இரண்டாவது சோடி இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திராது.

இப்போது இஷாவுக்குப் பிறகு அவர் கட்டிலில் இருந்து காலை நீட்டுவார். நான் கைத்தொலைபேசி வெளிச்சத்தைப் பிடித்து ஒவ்வொரு இடுக்காகப் பார்ப்பேன். போன கிழமை இடது சின்ன விரலின் வெளிப்பக்கம் சிவந்திருந்தது. செருப்பு வார் உரசிய இடம். மறுநாள் காலையிலேயே கிளினிக்குக்குப் போனோம். செருப்பை மாற்றச் சொல்லி அனுப்பினார்கள், மருந்தும் தேவைப்படவில்லை. திரும்பி வரும்போது முச்சக்கர வண்டிக்குள் உம்மும்மா என் சப்பாத்தைப் பார்த்து, "அதக் கழத்து, உன்ட காலயும் காட்டு" என்றார். கழற்றினேன். காலுறை ஈரமாக இருந்தது.